ரோனியோத் தாளில் ஒரு சூப்பர்மேன்

1932-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ஜெரி ஸீகல் என்ற பள்ளி மாணவர் 'ஸயன்ஸ் ஃபிக்ஷன்' என்றொரு ரசிகர் பத்திரிகையை ரோனியோ செய்து வெளியிட்டார். ஐந்து இதழ்களோடு நின்றுபோயிற்று. இந்த எண்ணிக்கை நமக்கொன்றும் புதிதல்ல.

1933 ஜனவரியில் வந்த மூன்றாவது இதழில் ஸீகல் புனைபெயரில் எழுதிய கதை. படங்கள் ஜோ ஷுஸ்டர். இலவச உணவுக்கு வரிசையில் நிற்கும் ஓர் ஏழைக்கு விஞ்ஞானி ஒருவன் ஏதோ ரசாயனத்தைக் கொடுக்கிறான். ஏழைக்குப் பிறர் மனத்தைப் படிக்கும், ஆட்டிவைக்கும் சக்தி வருகிறது. உலகையே அடக்கப் பார்க்கிறான். சக்தி வடிந்ததும் மீண்டும் அதே வரிசை. அவன்தான் முதல் சூப்பர்மேன்.

மொழி பக்குவமற்றது, சம்பவங்கள் அவசரமானவை. ஆனாலும் பசித்தவன் கையில் சிக்கும் அதிகாரம் பற்றி அதற்கு ஒரு பார்வை இருந்தது. பிறகு அதே இருவர், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளை ரட்சகனாக்கினார்கள். 1938-ல் 130 டாலருக்கு உரிமையையும் விற்றார்கள். பாத்திரம் உலகெங்கும் போயிற்று. பார்வை அந்த ரோனியோத் தாளிலேயே தங்கிவிட்டது.

விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. பொருளாதார மந்தத்தில் வளர்ந்தவர்கள். சந்தை ஆறுதலைக் கேட்டது. ரோனியோத் தாள் எதையும் கேட்கவில்லை, தரத்தைக்கூடக் கேட்கவில்லை. அந்தச் சுதந்திரத்தை நாம் எதற்குச் செலவிடுகிறோம் என்பதே என் கவலை.