அச்சமா, ஆசையா, அன்பா?
(இரட்சணிய யாத்திரிகம் பற்றி ஒரு நோக்கு)

நரகத்திற்கு அஞ்சித் தீமையை விடுதலும், மோட்சத்தை விரும்பி நன்மை செய்தலும் சமயங்கள் பலவும் காட்டும் வழியே. ஆயினும் தமிழ் நெஞ்சம் இதனை முழுமனத்தோடு ஏற்றதில்லை. ஆய் அண்டிரனின் கொடையைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இங்கே கொடுத்து மறுமையில் வாங்கிக்கொள்ளும் வாணிகம் அவனுடையதன்று எனப் புறநானூற்றிலேயே தெளிவுபடுத்திவிட்டார். மேலுலகம் இல்லையென்றாலும் ஈகை நல்லதே என்பது வள்ளுவர் கருத்து. இம்மரபில் ஊறிய ஒருவர் கிறிஸ்தவக் காப்பியம் இயற்றப் புகுந்தால், நரகத்தையும் மோட்சத்தையும் எவ்வாறு கையாளுவார்?

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827-இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். கம்பனைக் கற்றுத் தோய்ந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலேயராகிய ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடை நூலைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட பெருநூல் அது.

பனியனின் கதை அச்சத்தில் தொடங்குகிறது. தன் நகரம் வானத்து நெருப்பால் அழியப்போகிறது என்று அறிந்த ஒருவன், முதுகில் பாவச்சுமையோடு ஓடத் தொடங்குகிறான். மனைவியும் மக்களும் திரும்பி வரும்படி கதறுகின்றனர். அவனோ காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு, நித்திய ஜீவன் வேண்டுமெனக் கூவியபடி ஓடுகிறான். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மில் எவரும் இக்காட்சியை எளிதில் கடந்துவிட இயலாது. தன் உயிர் தப்புவதற்காகப் பெற்ற பிள்ளைகளை விட்டோடுபவனை நல்லவன் என்று எப்படிச் சொல்வது? அச்சம் மனிதனைக் கிளப்பும், அன்புள்ளவனாக ஆக்காது. சிறுவயதில் எரிநரகப் படத்தைக் காட்டி எனக்கு வேதபாடம் சொன்னார்கள். சில இரவுகள் உறக்கம் கெட்டதே கண்ட பயன். மறுநாள் பொய் சொல்வதை நான் நிறுத்தியதாக நினைவில்லை.

கிருஷ்ணபிள்ளையின் பெருமை இவ்விடத்தில்தான் விளங்குகிறது. பனியனின் நூலிலும் பயணியின் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. ஆனால் அந்நிகழ்ச்சி ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும். கதை மேலே நடந்துவிடும். நம் கவிஞர் அங்கேயே நின்றுவிட்டார். குமார பருவத்தில் இயேசுபிரானின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். இரட்சணிய சரிதப் படலம் என்னும் அப்பகுதி மூலநூலில் இல்லாதது. அடியும் ஏளனமும் பெற்றும் பகைவருக்காக மன்றாடும் ஒருவரின் பொறுமையை, கம்பன் காட்டிய விருத்த நடையில், படிப்பவர் நெஞ்சு கரையும்படி நிறுத்துகிறார்.

இது வெறும் காப்பிய விரிவன்று என்பது என் துணிபு. தொடக்கத்தில் அழிவின் அச்சம்; முடிவில் முத்தி நகரின் ஆசை; இரண்டிற்கும் நடுவே இப்பாடுகளின் வரலாறு. இதனைக் கண்டபின் நடப்பவனின் கால்களை இயக்குவது நெருப்புமன்று, பொன்வீதியுமன்று. தனக்காக ஒருவர் பட்ட துயரத்தின் நினைவு. ஆழ்வார்களின் பக்தியில் வளர்ந்த உள்ளம், புதிய சமயத்திலும் அன்பையே முதற்பொருளாகத் தேடிக் கண்டது. மேற்கே எழுதப்பட்ட கதைக்குத் தமிழ் தந்த கொடை இது எனலாம்.

பட்டான்செருவிலிருந்து மேதக் பேராலயத்திற்குச் சென்று வந்த அன்பர்கள் அறிவர். 1924-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அக்கோயிலின் மூன்று பெரிய வண்ணச் சாளரங்கள் பிறப்பையும் சிலுவையையும் பரமேறுதலையும் காட்டுகின்றன. நரகத்திற்கு அங்கே சாளரம் ஒதுக்கப்படவில்லை.

குறைகளும் உண்டு. குணங்களையே மாந்தராக்கிய நூலாதலின், வழியிற் காண்போர் பலர் பிரசங்கம் செய்கின்றனர். உயிருள்ள மனிதரோடு பழகும் உணர்வு குறைகிறது. உரையின்றிப் படிப்பதும் இக்காலத்தவர்க்கு அரிது.

மற்றொரு வருத்தமும் எனக்குண்டு. 1684-இல் பனியன் இரண்டாம் பகுதி எழுதினார். கைவிடப்பட்ட மனைவி, கணவனிடம் கடுமையாக நடந்துகொண்டதை எண்ணி நைந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதே வழியில் புறப்படுகிறாள். தனியே ஓடுதல் இல்லை; கிழவரும் நொண்டியும் சேர்ந்துகொள்ள, ஒருவருக்கொருவர் கைகொடுத்து மெல்ல நடக்கின்றனர். கிருஷ்ணபிள்ளை தழுவியது முதற்பகுதியை மட்டுமே. குடும்பத்தோடு வழிநடக்கும் அக்கதையும் அவர் விருத்தத்தில் கிடைத்திருந்தால், நம் வீடுகளில் மாலைவேளையில் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கலாம்.