பர்கர் தின்னும் மாயா

ஜப்பானிய வீடியோ கேம்களின் ஆங்கிலம் என்றாலே பலருக்கும் ‘ஸீரோ விங்’கின் கோணல் வாக்கியங்கள்தான் நினைவுக்கு வரும். அவற்றைக் கிண்டல் செய்வது சுலபம். இலக்கணப் பிழை கண்ணில் படும், திருத்திவிடலாம். பிழையே இல்லாத ஆங்கிலத்தில் எது தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு ‘ஏஸ் அட்டர்னி’யை எடுத்துக்கொள்கிறேன்.

கேப்காமில் ஷூ டகுமி உருவாக்கிய இந்த நீதிமன்ற விளையாட்டு, ஜப்பானில் 2001இல் வந்தது, ஆங்கிலத்தில் 2005இல். நாயகன் வக்கீல் நருஹோதோ ரியூயிச்சி. ‘நருஹோதோ’ என்றால் ‘ஓ, அப்படியா, புரிகிறது’ என்று பொருள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வேடிக்கைதான். ஆங்கிலத்தில் அவர் பீனிக்ஸ் ரைட் ஆனார். நம்மூர் கண்டக்டர் விசிலோடு சொல்கிறாரே, அதே ‘ரைட்’. முதல் வழக்கில் பொய்சாட்சி சொல்ல வருபவர் மூலத்தில் யமானோ ஹோஷியோ. ஜப்பானியப் போலீஸ் பேச்சில் ‘யாமா’ வழக்கு, ‘ஹோஷி’ குற்றவாளி. ஆங்கிலத்தில் அவர் ஃபிராங்க் சாவிட். வாய்விட்டுப் படித்தால் ‘பார்த்தேன்’ என்று காதில் விழும். பொய்சாட்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சொல்லை விட்டுவிட்டுச் சிரிப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் துப்பறியும் அதிகாரி இத்தோநோகோகிரியைப் பாருங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஸ்ஸு’ என்று முடிப்பார். விளையாட்டுக் குழுவில் இளையவன் மூத்தவனிடம் காட்டும் அரைகுறை மரியாதை அது. முரட்டு உடம்புக்குள் இருக்கும் பணிவு அந்த ஓரசையில் தெரியும். ஆங்கிலத்தில் கம்ஷூ என்று பெயர் மாறி, எதிரில் நிற்பவரை ஓயாமல் ‘தோழா’ என்கிறார். ஆள் கலகலப்பாகத்தான் இருக்கிறார், பணிவுதான் காணோம். ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் நடுவே உள்ள தூரம் தெரிந்த நமக்கு இந்த இழப்பு சட்டென்று புரியும். மொழிபெயர்ப்பாளரையும் நோக முடியாது. ஆங்கில வினைச்சொல்லில் அதற்கு இடமே இல்லை.

இடத்தை மாற்றியது அப்படியல்ல. கதையை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனது நிர்ப்பந்தம் அல்ல, முடிவு. மூலத்தில் மிசோ ராமெனுக்கு உயிரை விடும், வக்கீலின் உதவியாளர் மயோய், ஆங்கிலத்தில் மாயாவாகிப் பர்கர் தின்கிறாள். முதல் பாகம் இதைத் தாங்கியது. மூன்றாம் பாகத்தில் அந்த லாஸ் ஏஞ்சலஸ் வக்கீல், ஆவியழைக்கும் பெண்கள் தவப்பயிற்சி செய்யும் பனிமலைக் கோயிலுக்குப் போகிறார். கோயிலின் பெயர் ஹஸகுரா! 2013இல் வந்த ‘டுவல் டெஸ்டினீஸ்’ வழக்கொன்றோ யோகாய் பூதங்களை நம்பும் ஒரு கிராமத்திலேயே நடக்கிறது. கலிபோர்னியாவில் இது எந்தப் பக்கம்? ரசிகர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அது பழைய கடனுக்குக் கட்டும் வட்டியாகத்தான் தெரிகிறது. ஒரே பாகத்துக்குச் சரியாக இருந்த தீர்மானத்தைத் தொடர் முழுக்கச் சுமக்க வேண்டியதாகிவிட்டது.

2021இல் ‘தி கிரேட் ஏஸ் அட்டர்னி கிரானிக்கிள்ஸ்’ ஆங்கிலத்தில் வந்தது. மெய்ஜி கால ஜப்பானிலும் விக்டோரியா கால லண்டனிலும் நடக்கும் கதை. இந்த முறை ஜப்பானை ஜப்பானாகவே விட்டுவைத்தார்கள். அதன் நாயகன் ரியூநோசுகே, பீனிக்ஸ் ரைட்டின் மூதாதை. ஆங்கிலத்திலும் அவருடைய குடும்பப் பெயர் நருஹோதோதான்.