பிழைச்செய்தி வராத பிழைகளுக்கு ஒரு பக்கம்

ரியாக்ட் டாக்ஸில் எந்த ஹூக்கின் பக்கத்தைத் திறந்தாலும் நான் முதலில் போவது அதன் அடிப்பகுதிக்குத்தான். அறிமுகம், பாராமீட்டர் விவரம், எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே போனால் பல ஹூக்குகளுக்கு டிரபிள்ஷூட்டிங் என்றொரு பகுதி வரும். ரியாக்ட் டாட் டெவ் தளத்தை அலுவலக வேலைக்காகப் பல மாதங்களாகத் தினமும் புரட்டி வருகிறேன். அதில் பாராட்ட நிறைய இருக்கிறது, குறை சொல்லவும் இருக்கிறது. ஆனால் இந்தத் தளத்தை நான் பார்த்த மற்ற டாக்குமெண்டேஷன்களைவிட ஒரு படி உயர்த்துவது அந்தக் கடைசிப் பகுதி.

மற்றவை பலருக்கும் தெரிந்தவை. 2023 மார்ச்சில் தளம் முழு வடிவில் வந்தது. பழைய தளம் லெகசி முகவரிக்கு ஒதுங்கியது. லேர்ன், ரெஃபரன்ஸ் என்று இரண்டு பெரிய பிரிவுகள். ஹூக்குகளுக்கு முதலிடம், கிளாஸ் காம்போனென்ட்டுகளுக்கு லெகசிப் பட்டியலில் இடம். பக்கத்திலேயே கோடை மாற்றி ஓட்டிப் பார்க்க சாண்ட்பாக்ஸ். இவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை.

டிரபிள்ஷூட்டிங்குக்கு வருவோம். யூஸ் ஸ்டேட் பக்கத்தில் அதன் தலைப்புகள் ஏறக்குறைய இப்படிப் போகின்றன: ஸ்டேட்டை மாற்றிவிட்டேன், லாக் செய்தால் பழைய மதிப்பே வருகிறது. ஸ்டேட்டை மாற்றிவிட்டேன், திரை மாறவில்லை. என் ஃபங்ஷன் இரண்டு முறை ஓடுகிறது. எல்லாமே தன்மையில் எழுதப்பட்டவை. மாட்டிக்கொண்டு நிற்பவர் தன் டீமில் இருக்கும் இன்னொருவரிடம் எப்படிச் சொல்வாரோ அப்படியே இருக்கின்றன. மருத்துவரிடம் போகிறவர் நோயின் பெயரைச் சொல்வதில்லை, எங்கே வலிக்கிறது என்றுதான் சொல்வார். பெரும்பாலான டாக்குமெண்டேஷன்கள் நோயின் பெயரை வைத்து அட்டவணை போட்டிருக்கும். இங்கே வலியை வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பிழைகளில் இரண்டு வகை உண்டு. சிவப்பு எழுத்தில் செய்தி காட்டிவிட்டு நின்றுபோவது ஒன்று. அந்தச் செய்தியை அப்படியே தேடுபொறியில் போட்டால் வழி கிடைத்துவிடும். ஆங்குலர் இதில் நல்ல வேலை செய்திருக்கிறது: அதன் பிழைகளுக்கு என்ஜி என்று தொடங்கும் எண்கள் உண்டு, பலவற்றுக்குத் தனிப் பக்கமும் உண்டு. இரண்டாவது வகையில் செய்தியே வராது. கன்சோல் சுத்தமாக இருக்கும். பட்டனை அழுத்துவோம், எதுவும் நடக்காது. எதைத் தேடுவது என்றே தெரியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் மாலை நேரங்களைத் தின்பது இந்த இரண்டாவது வகைதான். எண் இல்லாத பிழைக்கு எண்வாரி அகராதி உதவாது. ரியாக்டின் டிரபிள்ஷூட்டிங் தலைப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஓசையில்லாத பிழைகளைப் பற்றியவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஸ்டேட்டின் மதிப்பு 0. பட்டனை அழுத்தியதும் அதை 1 ஆக்கச் சொல்கிறோம். அடுத்த வரியில் அச்சிட்டால் 0 என்றே வருகிறது. பிழைச்செய்தி இல்லை, ரியாக்டின் கணக்கில் இது பிழையும் இல்லை. ஸ்டேட்டை மாற்றச் சொல்வது, புதிய மதிப்போடு இன்னொரு முறை ரெண்டர் செய்யும்படி வைக்கும் கோரிக்கை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனின் கையில் இருக்கும் மாறி அதனால் மாறாது. டாக்ஸ் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, புதிய மதிப்பு உடனே வேண்டுமென்றால் அதைத் தனி மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள் என்று கோடோடு காட்டுகிறது. ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு லேர்ன் பிரிவில் ஸ்டேட்டை ஒரு கணத்தின் படமாக விளக்கும் பக்கத்துக்கு இணைப்பும் கொடுக்கிறது. தீர்வு முதலில், தத்துவம் அதற்குப் பிறகு. வேலை நடுவே வந்து நிற்பவருக்கு இந்த வரிசைதான் வேண்டும்.

திரை மாறவில்லை என்ற தலைப்பும் அப்படியே. புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றுதான் என்று ஆப்ஜெக்ட் டாட் இஸ் ஒப்பீடு சொன்னால் ரியாக்ட் அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. பழைய ஆப்ஜெக்ட்டின் உள்ளே ஒரு ஃபீல்டை மட்டும் மாற்றி அதையே திருப்பிக் கொடுத்தால் இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானே? அதனால் திரை அசையாது. புதிய ஆப்ஜெக்ட்டை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பல ஆண்டுகள் பழகியவரையும் சுற்றவிடும் இந்த விஷயம் ஒரு சிறு பத்தியில் முடிந்துவிடுகிறது.

என்னை முழுதாக வென்றது இன்புட் பக்கம். படிவங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும்: பெட்டியில் எழுத்தின் நடுவே திருத்தப் போனால், ஒவ்வொரு எழுத்துக்கும் கர்சர் வேறெங்கோ தாவும். பான் எண் கேட்கும் பெட்டியில், தட்டுகிறவர் சின்ன எழுத்தில் தட்டினாலும் பெரிய எழுத்தாக்கி ஸ்டேட்டில் வைப்போம் என்று யாருக்கும் தோன்றும். தொல்லையின் வேர் அங்கேதான். பயனர் தட்டியது ஒன்று, ஸ்டேட்டில் வைத்தது வேறொன்று என்றால் கர்சரின் இடம் தப்பிவிடும். தட்டியதை உடனே வைக்காமல் ஏதாவது ஒரு காத்திருப்புக்குப் பிறகு வைத்தாலும் இதே கதிதான். கர்சர் தாவுகிறது என்ற தலைப்பே அங்கே இருக்கிறது. கீழே இந்த இரண்டு காரணங்களும் தவறான கோடோடு காட்டப்பட்டிருக்கின்றன. இவையும் இல்லையென்றால், ஒவ்வொரு தட்டலுக்கும் அந்தப் பெட்டியே நீக்கப்பட்டுப் புதிதாக உருவாகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இப்படி எண்ணிச் சொல்லக்கூடிய காரணங்களின் பட்டியல் கையில் கிடைத்தால், பயம் போய் வேலை தொடங்கும்.

யூஸ் கான்டெக்ஸ்ட் பக்கம் இன்னும் தூரம் போகிறது. ப்ரொவைடர் கொடுக்கும் மதிப்பு என் காம்போனென்டுக்கு வந்து சேரவில்லை என்ற புகாருக்கு, இடம் மாறி வைத்திருக்கலாம், சுற்ற மறந்திருக்கலாம் என்ற வழக்கமான காரணங்களோடு நிற்காமல், பில்ட் கருவியின் கோளாறால் ஒரே கான்டெக்ஸ்ட் இரண்டு வேறு ஆப்ஜெக்ட்டாகிவிட்டிருக்கலாம் என்றும் சொல்கிறது. சிம்லிங்க் வைத்திருக்கும் ப்ராஜெக்ட்டுகளில் இது நேரும். இரண்டையும் விண்டோ மேல் வெவ்வேறு பெயரில் வைத்து, ஒன்றுதானா என்று கன்சோலில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சோதிக்கும் முறையையும் கொடுத்திருக்கிறார்கள். இப்படியொரு குறிப்பை எழுத, அந்தச் சிக்கலில் தவித்த யாரோ ஒருவரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்ட கேள்விக்குக் கேட்ட பதிலையே கொடுக்காத துணிவும் இந்தத் தளத்துக்கு உண்டு. 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18, ஸ்ட்ரிக்ட் மோடில் ஒவ்வொரு காம்போனென்ட்டையும் டெவலப்மெண்டின்போது ஒருமுறை ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றிப் பார்க்கத் தொடங்கியது. எஃபெக்ட் இரண்டு முறை ஓடியது. சர்வருக்கு இரண்டு கோரிக்கைகள் போயின. ஒரே முறை ஓட வைப்பது எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். ஸ்ட்ரிக்ட் மோடை நீக்கிவிடு, அல்லது ஒரு ரெஃப் வைத்துத் தடுத்துவிடு என்ற குறுக்குவழிகள் பரவின. டாக்ஸ் அந்தப் பக்கம் போகவில்லை. கேள்வியையே திருத்துகிறது: மறுபடி ஏற்றினாலும் சரியாக வேலை செய்யும்படி எஃபெக்ட்டை எழுதுவது எப்படி என்று கேளுங்கள் என்கிறது. ரெஃப் வைத்துத் தடுக்கும் வழியைக் குழி என்று அடையாளமிட்டு எச்சரிக்கிறது. பயனர் ஒரு பக்கத்தை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது தெரியவேண்டிய கோளாறு, நம் கணினியிலேயே முன்கூட்டித் தெரிகிறது. அதை மறைக்காமல் கிளீனப் எழுதுங்கள் என்பதுதான் சாரம். அதற்கும் ஒரு படி மேலே போய், எஃபெக்ட்டே தேவைப்படாத இடங்கள் எவை என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். ஒரு லைப்ரரி தன் ஏபிஐ ஒன்றைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்லி இவ்வளவு உழைப்பது அரிது. எங்கள் டீமில் கோட் ரிவ்யூவின்போது நான் அதிகம் அனுப்பும் இணைப்பு அதுதான்.

இனி குறைகள். முதல் குறை, இவ்வளவு நல்ல பகுதியைக் கொண்டுபோய் அடியில் வைத்தது. யூஸ் எஃபெக்ட் பக்கம் மிக நீளமானது. வலப்பக்கப் பட்டியலில் டிரபிள்ஷூட்டிங் இருக்கிறது. ஆனால் கைபேசியின் திரையில் அந்தப் பட்டியல் இல்லை. பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும் பட்டியலைக் கவனிக்காதவர் விரலால் தள்ளித் தள்ளித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். முதல் முறை வருகிறவர் பாதியிலேயே திரும்பிவிடுவார். எல்லாப் பக்கங்களின் அறிகுறிகளையும் ஒரே இடத்தில் திரட்டிய அட்டவணை ஒன்று இருந்தால், எந்த ஹூக்கின் பக்கத்தில் தேடுவது என்று தெரியாதவருக்கும் வழி திறக்கும். இந்தத் தளத்தில் நான் மிகவும் விரும்பும் சேர்க்கை அது.

இரண்டாவது குறை என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டுகிறது: பதிப்பு விவரம். 2024 டிசம்பரில் ரியாக்ட் 19 வெளியானது. நிறுவனங்களின் கோடெல்லாம் அந்த மாதமே 19க்குப் போய்விடாது. 18இலும் அதற்கும் கீழேயும் ஓடுபவை ஏராளம். ஃபார்வர்ட் ரெஃப் பக்கத்தில் 19இல் இது தேவையில்லை, ரெஃபை ப்ராப்பாகவே அனுப்பலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் எந்த ஏபிஐ எந்தப் பதிப்பில் வந்தது, எதில் மாறியது என்பதை ஒரே சீராகத் தலைப்பின் அருகே சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. நோட் டாட் ஜேஎஸ் டாக்ஸில் சேர்ந்த பதிப்பும் அதன் பிறகான மாற்ற வரலாறும் அந்தந்த ஏபிஐயின் கீழேயே இருக்கும். வ்யூ டாக்ஸில் புதிய ஏபிஐகளின் பக்கத்தில் 3.4+ என்பதுபோல் ஒரு சிறு முத்திரை போதுமானதாக இருக்கிறது. ரியாக்டில் பழைய பதிப்புகளைப் பட்டியலிடும் பக்கம் உண்டு, 18க்குத் தனி முகவரியும் உண்டு. ஆனால் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து அதே பக்கத்தின் பழைய பதிப்புக்கு நேராகத் தாவ வழியில்லை. வலிக்கு மருந்து சரியாகச் சொல்லும் தளம், அது எந்தப் பதிப்புக்கான மருந்து என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, டைப்புகள். இன்று வேலையிடங்களில் பெரும்பாலும் டைப்ஸ்கிரிப்ட்தான். ரியாக்டின் ரெஃபரன்ஸ் பக்கங்கள் பாராமீட்டர்களை வாக்கியங்களில் விளக்குகின்றன. டைப்ஸ்கிரிப்டுக்கென்று தனிப் பக்கம் ஒன்று லேர்ன் பிரிவில் இருப்பதோடு சரி. வ்யூவின் ஏபிஐ பக்கங்களில் டைப் சிக்னேச்சர்தான் முதலில் நிற்கும். பழகிய கண்ணுக்கு அதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஏபிஐயைச் சட்டென்று பார்த்துவிட்டுப் போக வேண்டுமென்றால் வ்யூ டாக்ஸ் வேகமானது. சிக்கிக்கொண்டால் ரியாக்ட் டாக்ஸ்தான் மீட்கும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எடிட்டருக்குள்ளேயே இருக்கும்போது டாக்ஸ் படிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் ஓசையில்லாத பிழையை அதனிடம் விவரிக்கவே, எதைக் கவனிக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தரும் திருத்தம் நோயைத் தீர்க்கிறதா, வலியை மட்டும் மறைக்கிறதா என்று முடிவு செய்யவும் வேண்டும். எஃபெக்ட் இரண்டு முறை ஓடுவதை ரெஃப் வைத்துத் தடுக்கும் கோடு எடிட்டரில் வந்து நிற்கும்போது, டாக்ஸ் படித்தவர் அதை ஏற்கமாட்டார்.

தமிழ் வழியில் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர்களை நினைத்துத்தான் டிரபிள்ஷூட்டிங் பகுதியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் நீண்ட விளக்கங்களைப் படிப்பது அவர்களுக்குக் களைப்பு. டிரபிள்ஷூட்டிங் தலைப்புகள் எளிய, சிறிய வாக்கியங்கள். அடுத்தாற்போல் தவறான கோடு, அதன் அருகில் சரியான கோடு. மொழி தடுக்கும் இடத்தில் கோடே பேசிவிடுகிறது. புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: யூஸ் ஸ்டேட், யூஸ் எஃபெக்ட், யூஸ் கான்டெக்ஸ்ட், இன்புட் ஆகிய நான்கு பக்கங்களின் டிரபிள்ஷூட்டிங்கை, சிக்கல் எதுவும் இல்லாத நாளிலேயே ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். சாண்ட்பாக்ஸில் அந்தத் தவறுகளை நீங்களே வேண்டுமென்று செய்து பாருங்கள்.

ரியாக்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பதிப்பு முத்திரையும் அறிகுறி அட்டவணையும் சேர்ந்துவிட்டால் இதற்கு இணை சொல்வது கடினம். வேறு ஃபிரேம்வொர்க்கில் வேலை செய்பவராக இருந்தாலும், உங்கள் டீமுக்கென்று ஏதாவது ஒரு ஏபிஐக்கு டாக்ஸ் எழுதும் பொறுப்பு வந்தால், முதலில் அதைப் பயன்படுத்தித் திணறியவர்களிடம் போய் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன வாக்கியங்களையே தலைப்பாக வைத்து, அந்தப் பகுதியைப் பக்கத்தின் மேலேயே வையுங்கள்.