பலமா, நிதானமா? க்ரால் ரேஷியோ பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

1941-ல் வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் முதல் கியரின் விகிதம் 2.665. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 1.97. ஆக்ஸிலில் உள்ள கிரவுன்-பினியன் 4.88. மூன்றையும் பெருக்கினால் 25.6 வரும். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இன்ஜின் இருபத்தைந்து சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதே வம்சத்தில் வந்த 2018 மாடல் ஜீப் ராங்ளர் ரூபிகானில், மேனுவல் கியர் வண்டிக்கு, இதே பெருக்கல் 84-ஐத் தாண்டுகிறது.

இந்தப் பெருக்குத்தொகைக்குத்தான் க்ரால் ரேஷியோ என்று பெயர். தமிழில் தவழும் விகிதம் என்று வச்சுக்கலாம். அமெரிக்காவில் பாறைமேல் வண்டி ஏற்றுகிறவர்கள் வட்டாரத்தில் இந்த எண் கிட்டத்தட்ட ஜாதகம் மாதிரி. வண்டியைப் பற்றி வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கியர் செட் விற்கிறவர்களும் இதைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். எண் பெருசுன்னா வண்டிக்குப் பலம் ஜாஸ்தி என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

என் வாதம் இதுதான். ஒரு எல்லைக்கு மேல் இந்த எண் பலத்தைக் காட்டுவதில்லை, நிதானத்தைத்தான் காட்டுகிறது. நிதானத்துக்காகச் செலவு செய்வது நியாயமானதுதான். ஆனால் பலம் என்று நினைத்து வாங்கினால் தப்பான கிட்டை வாங்குவோம். இல்லை, சரியான கிட்டையே வாங்கிவிட்டு, காட்டு நடுவே ஆக்ஸிலை உடைத்துக்கொண்டு நிற்போம்.

ஒரு வண்டியை வைத்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு 1985 டொயோட்டா பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். முன்பக்கம் முழு ஆக்ஸிலோடு அமெரிக்காவில் விற்ற கடைசி வருட மாடல் என்பதால் அங்கே அதற்கு இன்றும் தனி மவுசு. 2.4 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின். முதல் கியர் 3.95, லோ ரேஞ்ச் 2.28, ஆக்ஸில் 4.10 என்று எடுத்துக்கொண்டால் பெருக்குத்தொகை 37.

இதைக் கூட்டுவதற்கு இரண்டு வழி பிரபலம். ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து 2.28 கியர்களை எடுத்துவிட்டு 4.7 கியர் செட்டைப் போடுவது. வெளி அளவு மாறாது, புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தொட வேண்டாம். இன்னொன்று, இரண்டாவதாக ஒரு வேகக்குறைப்புப் பெட்டியை நடுவில் சேர்ப்பது. டொயோட்டாவின் அந்தக் கால கேஸில் வேகத்தைக் குறைக்கும் பகுதி தனி ஹவுசிங்காக முன்னால் இருக்கும். அதனால் அடாப்டர் போட்டு இன்னொன்றை வரிசையில் கோக்க முடிகிறது. ஆனால் மொத்த நீளம் கூடும். பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறைக்கணும், முன்னதை நீட்டணும், தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தணும், இன்னொரு லீவருக்குத் தரையில் ஓட்டை போடணும்.

33 அங்குல டயர், ஐடிலில் 800 ஆர்.பி.எம். என்று வைத்து, கால் எதையும் மிதிக்காமல் வண்டி முதல் கியரில் எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டேன்:

- பழையபடி 2.28: விகிதம் 37, நொடிக்கு 95 செ.மீ.
- 4.7 கியர் செட்: விகிதம் 76, நொடிக்கு 46 செ.மீ.
- இரண்டு 2.28 பெட்டி (சேர்த்து 5.2): விகிதம் 84, நொடிக்கு 42 செ.மீ.
- ஒரு 2.28, அதன் பின்னால் ஒரு 4.7: விகிதம் 173, நொடிக்கு 20 செ.மீ.

இங்கேயே முதல் ஓட்டை தெரிகிறது. டயர் அளவு இந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை. கம்பெனி கொடுத்த 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 போட்டால், 84 என்பது பழைய டயரில் 67 இருந்த மாதிரிதான் வேலை செய்யும். ஆட்டோமேட்டிக் வண்டியோடு ஒப்பிட்டால் இன்னும் குழப்பம். அதில் டார்க் கன்வெர்ட்டரும் கிளம்பும்போது முறுக்குவிசையைப் பெருக்கிக் கொடுக்கும். அதுவும் இந்த எண்ணில் வராது. ஆக, இரண்டு வண்டிகளின் எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை.

பலம் எங்கே முடிகிறது

இப்போது பலத்துக்கு வருவோம். குறைந்த சுற்றில் இன்ஜின் 100 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை கொடுக்கிறது என்று வச்சுக்குவோம். உராய்வில் போவதைக் கணக்கில் எடுக்கவில்லை. 37-ல் சக்கரங்களுக்கு மொத்தம் 3,700 போகும், 76-ல் 7,600, 173-ல் 17,000-க்கும் மேலே.

ஆனால் டயர் தரையைப் பிடிக்கிற பிடிக்கும் ஒரு எல்லை உண்டு. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி எடை 1,600 கிலோ. உலர்ந்த பாறையில் பிடிமானத்தைத் தாராளமாக வண்டி எடைக்குச் சமம் என்றே வைத்துக்கொள்வோம். 33 அங்குல டயரின் ஆரம் 0.42 மீட்டர். கணக்குப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து தாங்குவது ஏறக்குறைய 6,600 நியூட்டன்-மீட்டர். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் டயர் வழுக்கத்தான் செய்யும்.

அப்படியென்றால், இந்த வண்டிக்கு 37-லிருந்து 66 வரை ஏறும்போது உண்மையிலேயே இழுவை கூடுகிறது. 66-க்கு அப்புறம் கூடுவதெல்லாம் தரைக்குப் போய்ச் சேராத கணக்கு. 173 போட்டவர் 84 போட்டவரைவிட இரண்டு மடங்கு பலசாலி இல்லை. அவர் இரண்டு மடங்கு மெதுவாகப் போகிறார், அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்" என்று சொன்னதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாறையில் அந்த மெதுவுக்குத்தான் மதிப்பு. நொடிக்கு 95 செ.மீ. என்றால், ஒரு பாறை விளிம்பில் முன் சக்கரம் ஏறி, மறுபக்கம் இறங்கி, சஸ்பென்ஷன் அடித்து, வண்டி ஒரு பக்கம் சாய்வதற்குள் ஓட்டுகிறவர் யோசிக்கக்கூட நேரமில்லை. அதனால் கிளட்ச்சைப் பாதி மிதித்து வழுக்கவிடுவார். கிளட்ச் சூடாகும், வாடை வரும். செங்குத்தான ஏற்றத்தில் ஒரு நொடி கால் தவறினால் வண்டி பின்னால் உருளும். நொடிக்கு 42 செ.மீ. என்றால் காலைக் கிளட்ச்சிலிருந்து முழுசாக எடுத்துவிடலாம். இன்ஜின் நின்றுபோனாலும் கியரில் இருக்கும் வண்டி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தக் கால டொயோட்டா பிக்கப்களில் சில வருட மாடல்களில் கிளட்ச்சை மிதிக்காமலே ஸ்டார்ட் செய்ய கம்பெனியே ஒரு பொத்தான் வைத்திருந்தது. லோ கியரில் போட்டு, அந்தப் பொத்தானை அழுத்திச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நகர்த்தியபடி இன்ஜினைக் கிளப்பும். விகிதம் பெரிதாக ஆக இந்த வேலை சுலபமாகிறது. இறக்கத்திலும் அப்படியே. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு டயர் வழுக்கி இறங்குவதற்குப் பதில் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்.

உயிருக்கும் வண்டிக்கும் பாதுகாப்பு தருவது இந்தக் குணங்கள்தான். ஆனால் பேச்சில் அடிபடுவது என்னவோ பலம்.

எண் மறைக்கும் இன்னொரு விஷயம்

76, 84 என்று இரண்டு எண்ணையும் பார்த்தால், 4.7 கியர் செட்டும் இரட்டைப் பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தோன்றும். அவ்வளவு வேலை வாங்காத 4.7-ஐப் போட்டுவிட்டுப் போகலாமே என்றும் தோன்றும். பாறையை விட்டு இறங்கியதும் வித்தியாசம் தெரியும்.

இந்த வண்டியில் ஐந்தாவது கியர் ஏறக்குறைய 0.85. 4.7 லோ ரேஞ்சில் ஐந்தாவது கியர் போட்டால் மொத்த விகிதம் 16.4. ஹை ரேஞ்சில் முதல் கியரின் மொத்த விகிதம் 16.2. இரண்டும் ஒன்றுதான்! அதாவது லோ ரேஞ்ச் முடிகிற இடத்தில்தான் ஹை ரேஞ்ச் தொடங்குகிறது. லோவில் 3,000 ஆர்.பி.எம். வரை முறுக்கினாலும் மணிக்கு 29 கி.மீ. தாண்டாது. பழைய 2.28-ல் அதே கியரில் 60 கி.மீ. வரை போகலாம்.

சேறு, மணல், புதுப் பனி, இதிலெல்லாம் தவழ்வது உதவாது. சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றிச் சேற்றை உதறணும், வண்டியின் ஓட்டத்தை விடக்கூடாது. அங்கே பழைய 2.28-ன் இரண்டாவது, மூன்றாவது கியர்தான் கைகொடுக்கும். வெறும் 4.7 போட்ட வண்டியில் பாதி மணல்மேட்டில் வேகம் போதாமல், லோவிலிருந்து ஹைக்கு மாற்றலாம் என்று நிறுத்தினால், அங்கேயே புதைய வேண்டியதுதான். இரட்டைப் பெட்டியில் 2.28 தனியாகக் கையில் இருக்கும், 5.2-ம் இருக்கும். 84 என்ற எண் இதைச் சொல்லுமா? சொல்லாது. அது ஆகக் கடைசிப் படியை மட்டும் சொல்கிறது, நடுவில் எத்தனை படி என்பதை விட்டுவிடுகிறது.

பாறை மட்டும்தான் ஓட்டுவேன் என்பவருக்கு 4.7 தனியாகப் போதும். எல்லாத் தரையிலும் போகிறவருக்கு நடுப்படி வேண்டும். கிட்டைத் தேர்ந்தெடுக்க இந்தக் கேள்வி பெருக்குத்தொகையைவிட முக்கியம்.

உடையப்போவது எது

டிரான்ஸ்ஃபர் கேஸில் வேகத்தைக் குறைத்தால், அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றுக்கும் சுமை ஏறுகிறது. அதே 100 நியூட்டன்-மீட்டர் கணக்கில், பழைய லோவில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்களுக்கு மொத்தம் 900 போனது. 4.7-ல் 1,850. 2.28-ம் 4.7-ம் சேர்ந்தால் 4,200-க்கு மேல். ஷாஃப்ட், அதன் ஜாயிண்ட்கள், பினியன், ஆக்ஸில் எல்லாம் அதே பழைய இரும்புதான்.

"டயர்தான் வழுக்கிவிடுமே, அப்புறம் எப்படி உடையும்?" என்று கேட்கலாம். வெளியான பாறையில் வழுக்கும். ஆனால் இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டால் அது வழுக்காது. டிஃபரன்ஷியல் லாக் போட்டிருந்தால் அந்த ஆக்ஸிலுக்கு வரும் முறுக்கு முழுவதும் அந்த ஒரு பக்க ஷாஃப்டுக்கே போகலாம். இந்த டொயோட்டாக்களின் முன் ஆக்ஸிலில் சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் பிர்ஃபீல்டு ஜாயிண்ட் உடைவது ஊரறிந்த கதை. அதுவும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்த நிலையில், சக்கரம் சிக்கியிருக்க, பொறுமை இழந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது. பெரிய டயர் என்றால் அதன் பாடு இன்னும் மோசம். லோ கியரை ஐடிலில் விட்டால் அது பாட்டுக்கு மெதுவாக முறுக்கும். டயர் நகர்கிறதா, சிக்கியிருக்கிறதா என்று பார்த்து நிறுத்த நேரம் இருக்கும். பலம் என்று நம்பி மிதித்தால் அந்த நேரம் கிடைக்காது.

குறைப்பை வேறு இடத்தில் வைத்தவர்களும் உண்டு. கிரவுன்-பினியனை 5.29 ஆக்கினால் ஷாஃப்டுக்குச் சுமை ஏறாது. ஆனால் பினியன் சின்னதாகும், பல்லுக்குப் பலம் குறையும், நெடுஞ்சாலையிலும் இன்ஜின் கத்திக்கொண்டே ஓடும். மெர்சிடிஸ் யூனிமாக் மாதிரி போர்ட்டல் ஆக்ஸிலில் கடைசிக் குறைப்பு சக்கரத்தின் பக்கத்திலேயே நடக்கிறது. அதற்கு முன்னால் உள்ள ஷாஃப்ட்கள் குறைந்த முறுக்கையே சுமக்கின்றன. விலையாக, சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை கூடுகிறது, வண்டியின் உயரமும் கூடுகிறது. மூன்றிலும் இறுதி எண் ஒன்றாகவே வரலாம். உடையும் இடம் மூன்றிலும் வேறு வேறு.

2003-ல் வந்த முதல் ராங்ளர் ரூபிகானை நான் மதிப்பது இதனால்தான். பெயர், கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லேக் டாஹோவை நோக்கிப் போகும் ரூபிகான் டிரெயிலுடையது. 1953-லிருந்து ஜீப்பர்ஸ் ஜாம்போரி நடக்கும் பாதை அது. சாதா ராங்ளரின் 2.72 டிரான்ஸ்ஃபர் கேஸை எடுத்துவிட்டு 4.0 போட்டார்கள். அதோடு நிற்காமல் முன்னும் பின்னும் டேனா 44 ஆக்ஸில், இரண்டிலும் டிஃபரன்ஷியல் லாக், பெரிய டயர் என்று சேர்த்தே கொடுத்தார்கள். அதன் விகிதம் 66-ஐ ஒட்டித்தான் இருந்தது. இன்றைய பேச்சில் சின்ன எண். ஆனால் அந்த எண்ணைத் தாங்குவதற்கு வேண்டியது எல்லாம் அதன் கூடவே வந்தது.

கியர் செட் வாங்க நினைக்கிறவரிடம் எனக்கு மூன்று கேள்விதான். உங்க டயர் அளவில், ஐடிலில் வண்டி நொடிக்கு எத்தனை செ.மீ. நகரும்? அந்தக் கடைசிப் படிக்கும் ஹை ரேஞ்சுக்கும் நடுவில் வேறு படி இருக்கா? ஒரு சக்கரம் சிக்கினால் முதலில் உடையப்போவது எது, அதற்கு மாற்று வண்டியில் இருக்கா? மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர் தன் க்ரால் ரேஷியோ என்ன என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் வண்டியில் நான் பக்கத்து சீட்டில் உட்காருவேன்.