பொதுச் சமநிலையும் யாழ்ப்பாணத்துத் தோட்டமும்

ஒரு பண்டத்தின் விலை தனித்து நிற்பதன்று. ஏனைய பண்டங்களின் விலைகளோடு பின்னிக் கிடப்பது. இவ்வுண்மையைச் சமன்பாடுகளாக வடித்தவர் பிரெஞ்சு அறிஞர் லெயோன் வால்ராஸ்; அவர்தம் நூல் 1874இல் வெளிவரத் தொடங்கியது. எல்லாச் சந்தைகளிலும் கேள்வியும் நிரம்பலும் ஒருங்கே ஒத்து நிற்கும் விலைத்தொகுதி உண்டென்பதனைச் சில எடுகோள்களின் கீழ் ஆரோ, டெப்ரூ ஆகிய இருவரும் 1954இல் நிறுவினர். நோர்வே நாட்டு யொஹான்சன் 1960இல் அக்கொள்கையைக் கணிக்கத்தக்க மாதிரியுருவாக்கினார். வரி, தீர்வை முதலியவற்றின் விளைவை மதிப்பிட இன்று அரசுகள் கையாளும் மாதிரியுருக்கள் அதன் வழிவந்தவை.

இக்கொள்கையின் வன்மையையும் மென்மையையும் உரைத்துப் பார்க்க யாழ்ப்பாணக் குடாநாடு தக்கதொரு கட்டளைக்கல். வற்றாத ஆறில்லாத இந்நிலத்திலே சுண்ணக்கற் பாறையில் அகழ்ந்த கிணறுகளின் நீரை இறைத்தே செம்மண் தோட்டங்கள் பயிராகின்றன. 1970இல் பதவியேற்ற அரசு, அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியை இறுக்கியது. விலை உயர்ந்தது, கமக்காரர் கை ஓங்கிற்று, படித்த இளைஞரும் கமத்தை நாடினர். ஆயின் அவ்விலையே தென்னிலங்கைக் கூலியாளின் அடுப்படியிற் சுமையாயிற்று. 1977இல் வந்த அரசு இறக்குமதியைத் தளர்த்தவே விலை வீழ்ந்தது, தோட்டக்காரர் நட்டமுற்றனர். கமக்காரன் நன்மையை மட்டும் நோக்குவார் நுகர்வோன் சுமையை மறப்பர்; மாதிரியுரு இரண்டையும் ஒரே ஏட்டிற் பதியும். இஃது அதன் வன்மை.

மென்மை யாது? மாதிரியுரு பெரும்பாலும் முன்னைய சமநிலையையும் பின்னைய சமநிலையையும் ஒப்பிடும், இடைவழியைக் காட்டாது. மிளகாயை விட்ட ஊழியம் வேறு தொழிலைச் சென்றடையும் என்று அது கொள்ளும். 1978இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் தோன்றியது உண்மையே. வெங்காயப் பாத்தியில் நின்றவன் அங்கே செல்வான் எனச் சமன்பாடு கூறலாம். மொழியும் தொலைவும் கிணறு வெட்டப் பட்ட கடனும் அச்சமன்பாட்டில் எழுதப்படவில்லை. குலைந்த விலைகள் தாமே சமநிலைக்கு மீளும் என்பதற்கும் பொதுவான உறுதி இல்லை என்பதனை 1970களில் சொனென்ஷைன் முதலியோரின் ஆய்வுகள் புலப்படுத்தின.

வென்றோர் ஈட்டியதிலிருந்து தோற்றோர்க்கு ஈடு செய்யலாம் என்பது ஏட்டளவில் மெய். எவர் செய்வர், எப்பொழுது செய்வர் என்பதனை மாதிரியுரு கூறாது. அது கொள்கை வகுப்போர் கடன். ஆகவே மாதிரியுருவைத் தள்ளுதல் வேண்டா. அதன் விடையைத் தீர்ப்பாகக் கொள்ளாது, யாருடைய தோட்டம், எத்தனை போகம் என்று மேலும் வினவுதலே அறிவுடைமை.