பலஸ்தீனக் கவிதைகளும் யாழ்ப்பாணத்து வாசகனும்

எம்.ஏ.நுஃமானின் மொழிபெயர்ப்பில் 'பலஸ்தீனக் கவிதைகள்' வெளிவந்தது 1981 இல். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த எரிப்பையிட்டு 'புத்தரின் படுகொலை'யை எழுதியவரும் நுஃமானே. கல்முனை மண்ணிலிருந்து வந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஒரு முஸ்லிம் கவிஞர், அரபுக் கவிதைகளை ஆங்கிலத்தின் வழியே தமிழுக்குத் தந்தார். ஈழத்துத் தமிழ்க் கவிதையில் இத்தொகுப்பின் செல்வாக்கு பற்றி நிறையவே பேசப்பட்டுள்ளது. அது எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதே இங்கு எமது அக்கறை.

அக்காலச் சூழலை முதலில் நினைவுகொள்ள வேண்டும். 1984 இல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தின் கீழ் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவு திறக்கப்பட்டது. முஸ்லிம்கள் அதனை எதிர்த்தனர். இஸ்ரேலியரின் பயிற்சி பெற்ற விசேட அதிரடிப்படையைத் தமிழர்கள் எதிர்கொண்டனர். மறுபுறம், ஈழ இயக்கங்கள் சிலவற்றின் இளைஞர்கள் லெபனானில் பலஸ்தீன அமைப்புகளிடம் பயிற்சி பெற்றிருந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு வாசல்களால் பலஸ்தீனத்துக்குள் நுழைந்த காலம் அது. இரு சாராரும் ஒரே நூலைக் கையில் வைத்திருந்தார்கள் என்பது சிறிய விடயமல்ல.

நுஃமானின் மொழிபெயர்ப்பு அதற்கு ஏற்றதாக அமைந்தது. அலங்காரமும் முழக்கமும் குறைந்த, பேச்சுக்கு நெருங்கிய தமிழ் அவருடையது. மஹ்மூத் தர்வீஷின் 'அடையாள அட்டை'யை எடுத்துக்கொள்வோம். அதிகாரியின் முன்னால் நிற்கும் கல்லுடைக்கும் தொழிலாளி தன் அட்டையின் இலக்கத்தை, தொழிலை, பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தானே சொல்லி, பதிந்துகொள்ளுமாறு அந்த அதிகாரிக்கே கட்டளையிடுகிறான். கேள்வி கேட்பவனின் இடத்தைக் கேட்கப்படுபவன் பறித்துக்கொள்வதே கவிதையின் வலு. சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டிவிட்டு வாய்மூடி நின்ற யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு, தான் பேச முடியாததை வேறொருவன் தமிழில் பேசிக்காட்டினான். 'மரணத்துள் வாழ்வோம்' (1985) தொகுப்பில் திரண்ட எதிர்ப்புக் குரலுக்குப் பின்னணியில் இந்த வாசிப்பும் இருந்தது எனலாம்.

ஆனால் இவ்வாசிப்புக்கு ஓர் எல்லையும் இருந்தது. கவிதையைக் கண்ணாடியாக வைத்துப் பார்த்தவர்கள் அதில் தங்கள் முகத்தை மட்டுமே கண்டார்கள். தர்வீஷின் வாழ்க்கை வேறொன்றையும் சொல்கிறது. 1948 இல் அவருடைய அல்-பிர்வா கிராமம் அழிக்கப்பட்டது. லெபனானுக்கு ஓடிய குடும்பம் இரகசியமாகத் திரும்பி வந்தபோது, சொந்த நாட்டிலேயே சட்டப்படி 'இல்லாதவர்கள்' ஆகியிருந்தது. ஆள் இருக்கிறான், ஆனால் ஏட்டில் இல்லை. 1950 இன் சட்டம் ஒன்று அவ்வாறானவர்களின் காணிகளையும் வீடுகளையும் அரசின் கைக்கு மாற்றியது.

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகே ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. திரும்பி வந்தவர்கள், தாம் இங்கு வசித்தவர்கள் என்பதைப் பதிவேடுகளில் நிரூபிக்கப் பாடுபட்டார்கள். அல்-பிர்வாவின் துயரத்தைத் தமிழில் வாசித்த ஊரிலேயே இது நடந்தது. அன்று அதற்கெதிராக எழுந்த தமிழ்க் குரல்கள் மிகச் சில.

ஏன் அவ்வளவு குறைவு? வாசகர்களின் இதயம் இறுகிவிட்டது என்று சொல்வது இலகு. உண்மையில் குரல் எழும் இடங்கள் அதற்கு முன்பே அடைக்கப்பட்டுவிட்டன. 1986 நவம்பரில் மட்டக்களப்பு மாணவன் விஜிதரன் கடத்தப்பட்டபோது, யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் உண்ணாவிரதமிருந்து தெருவில் இறங்கினார்கள். அது சொந்த இயக்கத்தையே கேள்வி கேட்ட போராட்டம். அதன் முன்னணியில் நின்ற விமலேஸ்வரன் 1988 இல் கொல்லப்பட்டார். 1989 செப்டெம்பர் 21 இல் ராஜனி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். 1991 ஓகஸ்டில் நாடகத்துறை மாணவியும் 'தோழி' சஞ்சிகையை நடத்தியவருமான கவிஞர் செல்வி கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. வெளியேற்றத்தின் போதிருந்த மௌனத்தை இந்த வரிசையிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது. பேசக்கூடியவர்களை இழந்த ஒரு சமூகம், பக்கத்து வீட்டுக்காரன் விரட்டப்படும்போது பேசுவதற்கு ஆளின்றி நின்றது.

போர் முடிந்தும் இது தீரவில்லை. 2019 மே மாதத்தில் பிரபாகரனின் படம் இருந்ததற்காக மாணவர் ஒன்றியத் தலைவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். 2021 ஜனவரி 8 இரவில் வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதமிருந்து அதனை மீட்டார்கள். முஸ்லிம்களாகிய நாம் அந்த மாணவர்களின் பக்கம் நிற்க வேண்டியவர்கள். அதே வளாகத்தில் 2023 ஒக்டோபர் இறுதியில், சட்டத்தரணி சுவஸ்திகா அருலிங்கம் நீதித்துறைச் சுதந்திரம் பற்றி ஆற்றவிருந்த உரை மாணவர்களின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. புலிகளைப் பாசிச அமைப்பு என்று அவர் முன்னர் சொன்னதே காரணம். அவருடைய கூற்றை மறுக்க மாணவர்களுக்கு முழு உரிமையுண்டு. மேடையை மூடுவது மறுப்பு ஆகாது. தூபிக்காகப் பசித்திருந்த வளாகம் ஓர் உரையைக் கேட்க மறுத்தது ஏன் என்று அந்த மாணவர்களிடம் கேட்கும் உரிமை எமக்கும் உண்டு.

காஸாவின் பொருட்டு உலகெங்கும் மாணவர்கள் இதே உரிமைக்காகவே நின்றனர். 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகப் புற்றரையில் கூடாரமடித்தவர்களைப் பொலிஸார் இழுத்துச் சென்றனர். இஸ்ரேலில் தாரீன் தாத்தூர் ஒரு கவிதைக்காக 2018 இல் தண்டனை பெற்றார். எமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. மன்னாரைச் சேர்ந்த அஹ்னப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியின் பேரில் 2020 மே மாதம் கைதாகி, பத்தொன்பது மாதங்கள் சிறையிலிருந்து, 2023 டிசம்பரில் வழக்கிலிருந்து விடுதலையானார். தமிழ்க் கவிதை ஒன்று குற்றப்பத்திரமானபோது தமிழ் எழுத்துலகம் எவ்வளவு பேசியது என்பதும் கணக்கில் வைக்கப்பட வேண்டியது.

இறுதியாக நமது கவிஞர்களுக்கும் ஒரு சொல். பலஸ்தீனம் பற்றி முஸ்லிம் சஞ்சிகைகளில் வரும் கவிதைகளில் ஒலிவ மரமும் கல்லும் அக்ஸாவும் தேய்ந்த நாணயங்களாகிவிட்டன. நுஃமான் தந்த கவிஞர்கள் அவ்வாறு எழுதியவர்களல்லர். தர்வீஷும் தௌபீக் ஸையாதும் கம்யூனிஸ்ட்டுகளாக இயங்கியவர்கள். சமீஹ் அல்-காசிம் துரூஸ் சமூகத்தவர். பலஸ்தீனத்தை மதத்தின் சொத்தாக்கும் கவிதை, தமிழர்கள் அந்தத் தொகுப்பினூடாக உள்ளே வந்த வாசலை அடைத்துவிடுகிறது. முள்ளிவாய்க்காலைக் காணாத ஒரு காஸாக் கவிதையும், புத்தளத்து முகாமைக் காணாத ஒரு முள்ளிவாய்க்கால் கவிதையும் ஒரே குறையுடையவை.

'பலஸ்தீனக் கவிதைகள்' மீண்டும் வாசிக்கப்பட வேண்டும். இம்முறை செல்வியின் கவிதைகளோடும், 'நவரசத்'தோடும் சேர்த்து, ஒரே மேசையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு வகுப்பறையில் அது நிகழுமானால் நல்லது.