இரண்டு அலமாரிகளும் சீறாப்புராணமும்

பசுவந்தனையிலிருந்து கரிசல் காட்டைக் கடந்தால் எட்டயபுரம் தொலைவில்லை. உமறுப் புலவர் அடங்கியிருக்கும் மண் அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை 5027 விருத்தங்களில் அவர் பாடிய சீறாப்புராணத்துக்கு, காலனிய காலத்தில் உருவான மத ஆய்வு எந்த இடத்தை அளித்தது?

1870இல் லண்டனில் ஆற்றிய உரைகளில் மாக்ஸ் முல்லர் ‘மத அறிவியல்’ என்னும் துறைக்கு வித்திட்டார். அவர் தொடங்கிவைத்த ‘கிழக்கின் புனித நூல்கள்’ வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகளாக வெளிவந்தது. பாமர் மொழிபெயர்த்த திருக்குர்ஆன் 1880இல் அதில் இரு தொகுதிகளாக இடம்பெற்றது. தமிழ் நூலோ ஒன்றுகூட இல்லை. திருவாசகமும் இல்லை, சீறாவும் இல்லை.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலை 7 தொகுதிகளாக வெளியிட்டார். அங்கே லெப்பையும் மரக்காயரும் சாதிகளுக்கு நடுவே அகரவரிசைத் தலைப்புகளாயினர். முதல் அலமாரியில் இஸ்லாம் உண்டு, தமிழ் இல்லை. இரண்டாவதில் தமிழ் முஸ்லிம் உண்டு. ஆனால் அவர் கற்றவராக அன்றி, மணமுறையும் உடையும் தொழிலும் கொண்ட குடியாகவே காட்சியளிக்கிறார்.

எட்வர்ட் செய்தின் ‘ஓரியண்டலிசம்’ (1978) வெளிவந்த பின், இவற்றையெல்லாம் சதி என்று ஒதுக்குவது நமக்கு எளிதாகிவிட்டது. அது போதாது. அல்பீரூனிக்கு இந்தியாவின் வாயில் திறந்ததும் கஜ்னவிப் படையெடுப்புகளின் நிழலில்தான். எனினும் அவர் சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களின் நூல்களைக் கொண்டே அவர்களின் கொள்கையை விளக்கினார். ஷஹ்ரஸ்தானியும் ‘அல்மிலல் வந்நிஹல்’ நூலில், ஒவ்வொரு பிரிவின் கொள்கையையும் அவரவர் நூல்களின்படி, சார்பின்றி எடுத்துரைப்பதை நிபந்தனையாக ஏற்றார். ஆகவே ஆய்வாளர் அதிகாரத்துக்கு அருகில் இருந்தாரா என்பதோடு கேள்வி முடிவதில்லை; ஆராயப்படுவோரின் நூலும் சொல்லும் ஆய்வில் சான்றாக ஏற்கப்பட்டனவா என்பதே உரைகல்.

அந்த உரைகல்லில் நாமும் தேறவில்லை. நம் அரபுக் கல்லூரிகள் பலவற்றில் ஸீரா அரபு நூல்களின் வழியே கற்பிக்கப்படுகிறது. சீறாவோ தமிழ்த்துறைக்குரியதாக விடப்படுகிறது. காலனியம் பிரித்துவைத்த அலமாரிகளை நாமே காவல் காக்கிறோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் அரபுச் சொற்களைத் தமிழின் ‘காண்ட’த்தோடு இணைத்த புலவருக்கு அப்பிரிவு இருந்ததில்லை.

இப்னு ஹிஷாமின் ஸீராவையும் ஹிஜ்றத்துக் காண்டத்தையும் ஒரே பாடவேளையில் அருகருகே விரிப்போம். காலனிய ஆய்வுக்கு நாம் அளிக்கத்தக்க மறுப்பு அங்கிருந்தே தொடங்கும்.